அரிசிக்கு இறப்பர் கொடுத்த கணக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: சிறு தீவான இலங்கைக்குச் சீன உறவு பலமா, பாரமா? 'பலமே' அணியின் இரண்டாவது உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, தங்கையே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

மண்டப வாசலில் எல்லோருக்கும் தேத்தண்ணி தந்தார்கள். எதிரணித் தலைவர் அண்ணன் பிளாஸ்க்கோடு நின்ற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் ஒரு கரண்டி சீனி போடும்" என்று கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். சீனத்திலிருந்து வந்தது என்பதால்தானே அதற்குச் சீனி என்று பெயர். சீனச்சட்டியில் பொரிக்கிறோம், கலியாண வீட்டில் சீனவெடி கொளுத்துகிறோம். சீனா நமக்குப் பாரம் என்று முழங்கிய மனிதர், அந்த முழக்கத்துக்குத் தெம்பைச் சீனியில்தான் எடுத்திருக்கிறார்.

சரி, பகிடியை விடுகிறேன். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிற்கிறது. 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1911இல் காலி நகரில் அதைக் கண்டெடுத்தபோது மதகை மூடும் பலகைக் கல்லாகக் கிடந்தது. சரித்திரத்தை நாம் எங்கே வைத்திருந்தோம் என்று பாருங்கள். அந்தக் கல்லில் மூன்று மொழி: சீனம், பாரசீகம், தமிழ். சீன எழுத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று பட்டியல் வேறு.

எதிரணித் தங்கை இதைக் கேட்டுச் சிரிக்கிறார். அவர் எதை நினைத்துச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். கல் கொண்டுவந்த அதே செங் ஹே 1411இல் இங்கே சண்டை பிடித்து, அழகேஸ்வர மன்னனையும் குடும்பத்தையும் கப்பலேற்றிச் சீனப் பேரரசரிடம் கொண்டுபோனார். ஓம், அதுவும் உண்மை. நான் மறைக்கப் போவதில்லை. நான் பார்க்கச் சொல்வது அந்தக் கல்லின் கெட்டித்தனத்தை. வந்தவர், இந்தத் தீவில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்று வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். பெரிய நாடு வீட்டுப்பாடம் செய்துகொண்டு வருகிறது. சின்ன நாடும் அப்படிச் செய்துகொண்டு போனால் என்ன நடக்கும்? அது ஒருமுறை நடந்திருக்கிறது. என் பேச்சில் பாதி அதைப் பற்றித்தான்.

1952ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கொரிய யுத்தம் தொடங்கியபோது ஏறிய இறப்பர் விலை சரிந்து கிடக்கிறது. அரிசி விலையோ மேலே போய்விட்டது, பணம் கொடுத்தாலும் அரிசி கிடைப்பது கஷ்டம். இலங்கையில் வீட்டுக்கு வீடு கூப்பன் புத்தகம். என் அம்மம்மா சொல்லுவார், கூப்பன் கடையில் அரிசி வருகிற நாளில் பள்ளிக்கூடத்தில் பாதி வாங்கு காலியாக இருக்குமாம்.

அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்க. ஆட்சி ஐக்கிய தேசியக் கட்சியுடையது. கம்யூனிசம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்துகிற கட்சி. அவர்கள் முதலில் அமெரிக்காவிடம்தான் போனார்கள். இறப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்குத் தாங்கக்கூடிய விலையும் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. சீனாவுக்கோ இறப்பர் உயிராய்த் தேவை. கொரிய யுத்தத்தை ஒட்டி 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை, இறப்பர் போன்ற பொருட்களைச் சீனாவுக்கு விற்கக்கூடாது என்று தடை போட்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை அப்போது அந்தச் சபையில் உறுப்பினரே இல்லை. சோவியத் ரஷ்யா தன் தடை வாக்கால் நம்மை வெளியே நிறுத்தி வைத்திருந்தது, 1955 கடைசியில்தான் உள்ளே விட்டார்கள். ஒரு கம்யூனிஸ்ட் நாடு நம்மைச் சபைக்கு வெளியே நிறுத்தியதால், இன்னொரு கம்யூனிஸ்ட் நாட்டோடு வியாபாரம் செய்ய நமக்குக் கை கட்டில்லாமல் போனது!

1952 டிசம்பர் 18. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங், அதாவது இன்றைய பெய்ஜிங், போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுதோறும் நாம் 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, அவர்கள் 270,000 தொன் அரிசி கொடுப்பது. இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலைக்கு மேலே தந்தார்கள். நடுவர் அவர்களே, அன்றைக்குப் பீக்கிங்கில் நமக்குத் தூதரகம் கூட இல்லை. சீனாவை 1950இல் அங்கீகரித்திருந்தோம், அவ்வளவுதான். முறையான தூதரக உறவு 1957 பெப்ரவரியில்தான் வந்தது. வியாபாரம் முன்னே போனது, தூதர் நாலு வருடம் கழித்துப் பின்னே போனார். இன்றைக்கு எல்லாம் தலைகீழ்: சிவப்புக் கம்பளம், கூட்டறிக்கை, கை குலுக்குகிற படம் எல்லாம் முன்னே வரும், வியாபாரம் எங்கே என்று தேட வேண்டும்.

இதற்கு விலை கொடுக்கவில்லையா? கொடுத்தோம். அமெரிக்காவின் 'பற்றில்' (Battle) சட்டப்படி, இப்படிப்பட்ட பொருளை விற்கிற நாட்டுக்கு உதவி கிடையாது. சில ஆண்டுகள் உதவி நின்றது. டட்லியின் அரசாங்கம் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, அரிசி இருக்கிற தட்டு கனம் என்று முடிவெடுத்தது. எதிரணித் தலைவர் அண்ணன் வரலாறு படித்தவர், அதனால் 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலை இழுத்தார். சீன அரிசி வந்தும் ஏன் ஹர்த்தால் வந்தது என்று கேட்டார். அண்ணா, அது அரிசி இல்லாமல் வந்த ஹர்த்தால் இல்லை. வரவு செலவுத் திட்டத்தில் மானியத்தை வெட்டி, கொத்து 25 சதத்துக்குக் கொடுத்த கூப்பன் அரிசியை 70 சதமாக்கினார்கள். அதனால் வந்தது. அந்தக் கோபத்தைப் பீக்கிங் முகவரிக்கு அனுப்பாதீர்கள். ஒப்பந்தமோ திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டு ஓடியது.

அந்த முப்பது ஆண்டுக்குள்தான் பௌத்தாலோக மாவத்தையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபமும் எழுந்தது. 1973இல் திறந்தார்கள். கடனாகக் கட்டியதல்ல, சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தது. மூன்று வருடம் கழித்து அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கே புத்தகக் கண்காட்சிக்குப் போய் வாகனம் நிறுத்த இடமில்லாமல் அலைந்தவர்கள், அதனால் மேலே சொல்லத் தேவையில்லை.

இனி, நீங்கள் எல்லோரும் காத்திருக்கிற இடத்துக்கு வருகிறேன். ஹம்பாந்தோட்டை.

எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், மூன்று பேரும் கடன்பொறி என்றார்கள். நான் பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிறவன், அதனால் கணக்கை மட்டும் கேட்கிறேன். துறைமுகம் கட்டச் சொல்லிச் சீனா கதவைத் தட்டியதா? 2003இல் கனடா நிறுவனம் ஒன்றும், 2006இல் டென்மார்க் நிறுவனம் ஒன்றும் ஆய்வறிக்கை எழுதின. ஆசை நம்முடையது. முதற்கட்டத்துக்குச் சீன எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கியில் 307 மில்லியன் டொலர் எடுத்தோம், வட்டி 6.3 வீதம். 2010 நவம்பரில் திறந்தோம். கப்பல் வரவில்லை. 2017இல் 99 வருடக் குத்தகைக்குச் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திடம் கொடுத்து 1.12 பில்லியன் டொலர் வாங்கினோம். கடன் கட்ட முடியாமல் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஊரெல்லாம் கதைக்கிறார்கள். அந்தப் பணம் துறைமுகக் கடனுக்கே போகவில்லை! நாட்டின் டொலர் கையிருப்புக்குப் போனது. சீனக் கடன் அப்படியே திறைசேரியின் தலையில் இருந்தது. மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுக்க நமக்கு டொலர் தேவைப்பட்டது, அதுதான் விஷயம்.

அந்த மற்றவர்கள் யார்? 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தோமே, அப்போது அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கடனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சர்வதேச இறைமைப் பிணைமுறிகள், அதாவது உலகச் சந்தையில் அரசாங்கம் விற்ற கடன் பத்திரங்கள். வாங்கியவர்கள் மேற்கத்திய முதலீட்டு நிதியங்களும் அவர்களைப் போன்றவர்களும். சீனாவின் பங்கு அரசாங்கக் கணக்கில் பத்திலொன்று, அரச நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்த ஆய்வாளர்களின் கணக்கில் ஐந்திலொன்று. பெரிய கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நாலு பங்கைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசியதா?

இப்போது கொழும்புத் துறைமுகத்துக்குப் போவோம். அங்கே தெற்குக் கொள்கலன் முனையம் 2013இல் திறந்தது. நடத்துவது யார்? அதே சைனா மேர்ச்சன்ட்ஸ். பங்கு 85 வீதம் அவர்களுக்கு, 15 வீதம் நமது துறைமுக அதிகார சபைக்கு. 35 வருடத்துக்குப் பிறகு முனையம் நம்முடையது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய ஆழமான துறை அது. இந்தியாவுக்குப் போகிற, இந்தியாவிலிருந்து வருகிற பெட்டிகள் அங்கே மாறி ஏறுகின்றன. அந்த முனையத்தில் எந்த ஊர்வலமும் இல்லை, எந்தப் பத்திரிகையும் பொறி என்று எழுதவில்லை.

ஒரே மாப்பிள்ளை, ஒரு வீட்டில் தங்கம், இன்னொரு வீட்டில் தலையிடி என்றால் விசாரிக்க வேண்டியது யாரை? கொழும்பில் சீனக்காரன் தன் காசைப் போட்டான். கப்பல் வராவிட்டால் நட்டம் அவனுக்கு. அதனால் கப்பல் வருமா என்று அவனே எண்ணிப் பார்த்தான். ஹம்பாந்தோட்டையில் முதலில் காசு கடனாக வந்தது. கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி நாம் கட்டவேண்டும். அப்போது எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம். எண்ணினோமா? பக்கத்திலே மத்தளவில் இன்னொரு கடனில் விமானநிலையமும் கட்டி, 2013இல் திறந்தோம். விமானம் இல்லை, யானையும் மயிலும் வந்தன. இதில் உறவின் குற்றம் எது, நம்முடைய குற்றம் எது என்று நடுவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எதிரணித் தங்கை வர்த்தகப் பற்றாக்குறையைப் பிடித்துக்கொண்டார். சீனாவிடம் பில்லியன் கணக்கில் வாங்குகிறோம், சில நூறு மில்லியனுக்குத்தான் விற்கிறோம், இது நட்டம் இல்லையா என்றார். தங்கச்சி, நீங்கள் கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் களஞ்சியத்துக்குள் போயிருக்கிறீர்களா? அங்கே அடுக்கியிருக்கும் துணிச் சுருளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது. அதை வெட்டித் தைத்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்றுத்தான் நாடு டொலர் பார்க்கிறது. துணி வாங்கிய செலவை மட்டும் கொப்பியில் எழுதி, சட்டை விற்ற வரவை எழுதாமல் விடுகிற தையற்காரியை எந்த ஊரில் கண்டீர்கள்?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. 2022இல் நாம் எரிவாயுச் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்றபோது முதலில் கை கொடுத்தது சீனா இல்லை, இந்தியா. கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் உதவி. சீன மத்திய வங்கியோடு 2021இல் 10 பில்லியன் யுவான் பணப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டிருந்தோம். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்று அதில் ஒரு நிபந்தனை. கையிருப்பு இல்லாதபடியால்தானே கடன் கேட்கிறோம்! பெட்டியில் காட்டிவிட்டுப் பூட்டி வைத்த நகை மாதிரி அது. ஆனால் யார் அந்த நிபந்தனையில் கையெழுத்திட்டது? மறுபடியும் நம் பேனாதான். பின்னர் 2023 ஒக்டோபரில் 4.2 பில்லியன் டொலர் கடனை மறுசீரமைக்க இணக்கம் சொன்னது அதே எக்சிம் வங்கி. இந்தியா, ஜப்பான் உள்ளிட்ட மற்ற நாடுகளின் குழு அதற்கு அடுத்த மாதம்தான் இணங்கியது.

சீனாவோடு நெருங்கினால் இந்தியா கோபிக்கும் என்ற எதிரணியின் வாதத்துக்கு ஒரு உதாரணம் போதும். 2021இல் யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று மின்திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. திட்டம் நின்றது. பிறகு அதே வேலையை இந்தியா நன்கொடையாகச் செய்து தருவதாகச் சொல்லி 2022 மார்ச்சில் ஒப்பமிட்டது. கடன் நன்கொடையாக மாறியது எதனால்? எட்டிக் கேட்க இன்னொரு வாசல் இருந்ததனால். சீனன் வந்து நிற்காவிட்டால் நெடுந்தீவின் இருட்டு டெல்லிக்குத் தெரிந்திருக்குமா? இரண்டு பெரியவர்களும் வீட்டுக்கு வரட்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரட்டும், அவ்வளவுதான்.

மணி ஒன்று அடித்துவிட்டது, கேட்டது நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிடம்.

உறவைப் பலப்படுத்து என்று எங்கள் அணி சொல்லும்போது கொழும்பில் சீனக் கடனில் எழுந்த தாமரைக் கோபுரம் மாதிரி இன்னொன்றுக்குக் கடன் வாங்கு என்று சொல்லவில்லை. மொரிசியஸ் நம் சமுத்திரத்தில் இருக்கிற குட்டித் தீவு. சீனாவோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்தது, 2021 ஜனவரி முதல் நடைமுறையில். தன் கரும்புச் சர்க்கரைக்கு அதில் ஒரு கோட்டாவும் வாங்கிக்கொண்டது. சீனாவுக்கே சீனி விற்கிறார்கள், அண்ணா! மாலைதீவு 2017இல் கையெழுத்திட்டு, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாம் பேச்சுவார்த்தை தொடங்கியது 2014இல். இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம். நம் தேயிலைக்கும் கறுவாவுக்கும் எவ்வளவு வரி குறையும், பதிலுக்கு நம் சிறு தொழிற்சாலைகளில் எதைக் காப்பாற்றி வைப்போம் என்று யார் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது? ஆர்.ஜி. சேனநாயக்கவின் பெட்டியில் இறப்பர் கணக்கும் அரிசிக் கணக்கும் இருந்தன. அடுத்து பெய்ஜிங் போகிறவரின் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை என் அணித் தோழி வந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். இரண்டாவது மணி அடிக்கக் கையை ஓங்குகிறார் நடுவர், நான் இறங்குகிறேன். அண்ணா, தேத்தண்ணி ஆறுகிறது.