கைக்கு வேலை, காதுக்குக் கதை

(பாளையங்கோட்டையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, இடமில்லாமல் வாசலோரம் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிடித்த படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி ஒரு ரசிகையாக வந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். நான் முக்கூடல்காரி. எங்கள் தெருவில் படத்தையும் தொடரையும் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, அதாவது முறம், இருக்கும். அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, மறுபக்கம் தூள், ஓரத்தில் நூல்கண்டு. முந்தின இரவே நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைத்த இலையைத் தகர அச்சின் அளவுக்குக் கத்தரியால் வெட்டி அடுக்கியிருப்பாள். ஓர் இலையை எடுப்பாள், தூளைப் பரப்புவாள், உருட்டுவாள், நுனியை மடக்குவாள், நூலைச் சுற்றி அறுப்பாள். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணை எடுத்தால் சுருள் தளரும். தளர்ந்த பீடியைக் கடையில் கழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், அம்மாவின் கண் சுளகிலேயே இருக்கும். கதை அவளுக்குக் காது வழியாகத்தான் போகும்.

சன் தொலைக்காட்சி 1993-இல் தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கியது. கேபிள் கம்பி எங்கள் தெருவுக்கு வந்துசேரச் சில வருடங்கள் ஆயின. ராதிகாவின் ‘சித்தி’ 1999-இல் வந்தபோது எங்கள் வரிசையில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் இரண்டுதான். அந்த இரண்டு வீட்டுத் திண்ணையிலும் சுளகுகள் வரிசையாக இருக்கும். சிறுமியான எனக்கு ஒரு வேலை உண்டு. பேச்சு நின்று இசை மட்டும் கேட்டால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள், இப்போது என்ன நடக்கிறது என்று. அவள் கதவைத் திறக்கிறாள், அவன் கடிதத்தைக் கிழிக்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். என் ரசனை அந்தத் திண்ணையில் உண்டானது.

தொடர்களைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவதையும் வாயால் விளக்குகிறார்கள், நேற்று நடந்ததை இன்றைக்கும் ஒருமுறை பேசிக்காட்டுகிறார்கள் என்று. இதை நான் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு உடன்பாடில்லை. அடுப்படியில் தாளித்துக்கொண்டே கேட்கிறவளுக்கும், தறியோரம் இருக்கிறவளுக்கும், சுளகைப் பார்த்துக் குனிந்திருக்கிறவளுக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்றால் அப்படித்தான் சொல்ல முடியும். வில்லுப்பாட்டுக்காரரும் விடிய விடியக் கதை சொல்லும்போது நின்று, முன்கதையைச் சொல்லி, பிறகுதான் மேலே போவார். கோயில் கொடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொடர் எழுதுகிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பெரும்பாலான தொடர்களின் வீடுகளில் யாருமே உழைத்துக் களைப்பதில்லை. கூடத்தில் சோபா, மாடிப்படி, பட்டுப் புடவை. ‘தொழில்’ என்ற சொல் ஆண்களின் வாயில் வரும். எந்தத் தொழில், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், கை எங்கே காய்த்தது என்று ஒரு வரி இராது. இதைக் கேட்டுக்கொண்டே ஆயிரம் பீடி சுற்றுகிறவளுடைய வீடு மட்டும் அந்தத் திரையில் வரவே வராது. இத்தனை வருடங்களில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் ஒரு நாயகியை நான் எந்தத் தொடரிலும் கண்டதில்லை. இது எனக்குப் பெரிய குறைதான்.

திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ அந்தக் குறையைக் கொஞ்சம் ஆற்றியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பன், ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒவ்வொருத்தியின் மாமியார் வீட்டு வாசலிலும் தயங்கி நிற்கிறார். டெல்லி குமார் அந்த வேடத்தில் பேசும் குரலை அம்மா ஒருமுறை தன் தகப்பனாரின் குரல் என்றாள். 2002 முதல் 2005 வரை ஓடிய தொடர் அது. 2020 ஊரடங்கின்போது மறுபடி போட்டார்கள். பீடிக் கடையும் அடைத்துக் கிடந்த நாட்கள். அம்மாவுக்குச் சுற்ற இலை இல்லை. அப்போதுதான் அந்தத் தொடரைக் கண்ணால் பார்த்தாள். பதினைந்து வருடத்துக்கு முன்பு காதால் கேட்டுத் தான் நினைத்து வைத்திருந்த முகங்களும் இந்த முகங்களும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொருத்தரையாகச் சரிபார்த்தாள். ஐந்து பெண்களில் லீலாவை மட்டும் இன்னும் உயரமாக நினைத்திருந்தாளாம்.

திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ 2022-இல் வந்தது. படித்த நான்கு மருமகள்கள், அவர்களைப் படி தாண்ட விடாத ஒரு வீடு, அந்த வீட்டின் தலைவராக ஆதி குணசேகரன். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைக் குரலாலேயே கட்டினார் என்று நான் நினைக்கிறேன். இழுத்து, இகழ்ந்து, திடீரென்று தழுதழுத்து, மறுகணம் அதட்டி வரும் அந்தப் பேச்சைக் கேட்டாலே அந்த ஆள் எப்படி நிற்பார் என்று தெரிந்துவிடும். எங்கள் தெருவில் அவரைத் திட்டாத பெண் இல்லை. 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்த செய்தி வந்தது. அந்தத் தொடருக்காகவே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் எங்கள் திண்ணையில் யாரும் தொலைக்காட்சியைப் போடச் சொல்லவில்லை. நாள்தோறும் திட்டிய ஒரு குரலுக்காக அத்தனை பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

சினிமாவுக்கு வருகிறேன். நம் ஊர் பேச்சு சினிமாவில் படும் பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வராது.

ஹரியின் ‘சாமி’ 2003-இல் வந்தபோது ராம் தியேட்டர் பக்கம் கூட்டம் தள்ளியதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். விக்ரம் ஆறுச்சாமியாக நடந்து வரும் வேகம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நம் ஊர் அல்வாவுக்குப் பாட்டும் கிடைத்தது. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் வந்த படங்களில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளை வேட்டி, டாடா சுமோ, அரிவாள், வாக்கியத்துக்கு ஒரு ‘ஏலே’. இவை இருந்தால் திருநெல்வேலி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

‘ஏலே’ என்பதை யார் யாரிடம் சொல்லலாம் என்று இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இளையவனிடம் சொல்லலாம், கூட்டாளியிடம் சொல்லலாம். பெரியவரிடம் சொன்னால் கன்னம் பழுக்கும். பெண்பிள்ளையிடம் ‘ஏட்டி’. சமவயதுக்காரரோடு கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் உரிமையுமாக ‘வே’. முன்பின் தெரியாத ஆளானால் ‘அண்ணாச்சி’. எதிரில் இல்லாத பெரியவர்களைச் சொல்லும்போது ‘அவிய’. கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் அதே ‘ஏலே’தான், ஏகாரம் நீளும் அளவில் அர்த்தம் மாறும். இவ்வளவு நுட்பமும் திரையில் ஒரே ஓர் அதட்டலாகச் சுருங்கிப்போகும்போது எனக்கு வலிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற அம்மா, இவன் நம்ம ஊர்க்காரன் இல்லை என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தில் அவளுக்கு நம்பிக்கை இராது.

2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதை எடுத்த மாரி செல்வராஜ், பொருநை என்னும் நம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். அந்தப் படத்தில் தாயும் மகனும் பேசுவதைக் கேட்டபோது அம்மா சுளகிலிருந்து தலை தூக்காமலே, இது நம்ம பக்கம் என்றாள். எனக்கு அதுதான் விருது.

அந்தப் படத்தில் நாயகன் பரியனுடைய தகப்பனாக வருகிறவர் நம் நெல்லைக் கூத்துக் கலைஞர் தங்கராசு. பெண் வேடமிட்டு ஆடுகிறவர். அந்தத் தகப்பனின் வேட்டியை உருவி ஓடவிடும் காட்சியை நான் முதல் தடவை முழுதாகப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் 2023-இல் காலமானார். திருவிழா மேடையில் எத்தனை வருடம் ஆடியவர். நம் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் அவர் முகத்தை அறிய ஒரு சினிமா வர வேண்டியிருந்தது.

சட்டக் கல்லூரி வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும்போது பரியன் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன என் போன்றவர்களுக்கு அந்த வகுப்பறை மிக நன்றாகத் தெரியும். சத்தம் கேட்கிறது, பொருள் வரவில்லை. காதை நம்பி வளர்ந்தவளுக்குக் காதே உதவாமல் போன முதல் இடம் அது.

படத்தின் கடைசியில் பரியனும், அவன்மேல் பிரியம் வைத்த வகுப்புத் தோழியின் தகப்பனும் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் தகப்பனும் நம் மாரிமுத்துதான். எதிர்நீச்சலில் அதட்டிய அதே குரல் இங்கே குற்ற உணர்ச்சியில் தடுமாறுவதைக் கேளுங்கள். ஒரு நடிகரின் அளவு அப்போது தெரியும். பேச்சு முடிந்தபின் இரண்டு தேநீர்க் கிளாஸ்கள், நடுவே ஒரு பூ. அவ்வளவுதான். சத்தம் நின்றதும் அம்மா கேட்டாள், முடிந்துவிட்டதா, பேச்சையே காணோமே என்று. இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்றேன். ஒரே கிளாஸா, வேறு வேறு கிளாஸா என்று கேட்டாள். தேநீர்க் கடைகளில் ஆளுக்குத் தகுந்த கிளாஸ் இருந்த காலத்தை அறிந்தவள் கேட்கும் கேள்வி அது. விமர்சனக் கட்டுரை எதிலும் இந்தக் கேள்வியை நான் படிக்கவில்லை.

மாரி செல்வராஜின் அடுத்த படமான ‘கர்ணன்’ எனக்கு அத்தனை நெருக்கமாக வரவில்லை. பஸ் நிற்காத ஊரின் வலி உண்மை. சாலையோரம் ஒரு சிறுமி துடித்துக்கொண்டிருக்க வண்டிகள் கடந்துபோகும் அந்தத் தொடக்கம் உண்மை. பின்பாதியில் சண்டை பெரிதாகி மனிதர்கள் சிறிதாகிவிட்டதாக எனக்குப் பட்டது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பிறகு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’வை (2010) என் சித்தி பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை ஜவுளிக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்குவதைக் காட்டுவார்கள். அவள் மகன் அப்போது அப்படி ஒரு கூடத்தில்தான் படுத்திருந்தான். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்திருந்தான். நல்ல படம் சில வீடுகளில் இப்படியும் போய் நிற்கும்.

பழைய படத்தில் ஒன்றே ஒன்று. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), நம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது. அதைக் காதால் கேட்க முடியாது. பாதிக் கதையை முகங்களும் ஆற்று மணலும் சொல்கின்றன. அம்மாவுக்காக விளக்கிச் சொல்ல முயன்று தோற்றுப்போனேன். பார்த்தே தீர வேண்டிய படங்களும் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024 ஆகஸ்டில் வந்தது. தியேட்டரில் நான் மட்டும் பார்த்தேன். பிறகு வீட்டில் அம்மாவோடு. வழக்கம்போல் அவள் மடியில் சுளகு. வாழைத்தார் சுமக்கும் பிள்ளைகள் தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் இடத்தில், கேட்கட்டும் கேட்கட்டும் என்று முணுமுணுத்தாள். வாத்தியார் அக்காவின் மேல் பிள்ளைகள் வைத்த பிரியத்துக்குச் சிரித்தாள். கடைசியில் ஊரே இழவில் கிடக்கிறது. பசி தாங்காத சிறுவன் சிவனைந்தான் சோற்றுப் பானையைத் தேடிப் போகிறான். ஒப்பாரியும் அடி விழும் சத்தமும்தான் கேட்டிருக்கும். என்ன நடக்கிறது என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. தலையைத் தூக்கித் தானே பார்த்தாள். சுளகை மெல்ல இறக்கித் தரையில் வைத்தாள்.

பெயர்கள் ஓடி முடிந்தபிறகும் அப்படியே இருந்தாள். பிறகு, அந்தப் பையன் ஒரு வாயாவது தின்றானா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோன கட்டுகளில் நான்கு குறைந்தன.