ஒதுக்கி வைத்த தகடு

நேயர்களுக்கு வணக்கம். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவர் ராண்ட்ஜன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஐந்து வருடம் முன்பே ஒரு எக்ஸ் கதிர்ப் படம் விழுந்துவிட்டது. 1890 பிப்ரவரியில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குட்ஸ்பீடும் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் மின்சாரத் தீப்பொறிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தபின் பேராசிரியர், க்ரூக்ஸ் குழாயை, அதாவது காற்றை அகற்றி உள்ளே மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாயை, ஜென்னிங்ஸுக்கு இயக்கிக் காட்டினார். பக்கத்திலேயே, ஃபிலிம் போல ஒளியைப் பதிவுசெய்யும் புகைப்படத் தகடுகள் பிரிக்காமல் இருந்தன, அவற்றின் மேல் நாணயங்கள். அப்புறம் கழுவிப் பார்த்தால் ஒரு தகட்டில் வட்ட வட்டமாக நிழல். காரணம் புரியவில்லை, எடுத்து வைத்துவிட்டார்கள். 1896இல் ராண்ட்ஜனின் செய்தி வந்த பிறகுதான் அந்தத் தகட்டைத் தேடி எடுத்தார்கள். கண்டுபிடிப்பில் தங்களுக்கு உரிமை இல்லை என்று குட்ஸ்பீடு வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் பெயரை இங்கே சொல்கிறேன்.

ராண்ட்ஜனுக்கு நடந்ததும் தற்செயல்தான். 1895 நவம்பர் 8, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க். அவரும் அதே மாதிரி மின்சாரக் குழாயை இயக்கிக்கொண்டிருந்தார். கறுப்பு அட்டையால் மூடிய அந்தக் குழாயிலிருந்து வெளிச்சம் வர வழியில்லை. ஆனாலும் தள்ளியிருந்த, பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற ஒளிரும் வேதிப்பொருள் பூசிய திரை ஒளிர்ந்தது. அடுத்த ஏழு வாரம் அவர் வேறு வேலை பார்க்கவில்லை. புத்தகம், மரப்பலகை, அலுமினியம், ஈயம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்துப் பார்த்தார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் படம் எடுத்தார். 28ஆம் தேதி கட்டுரையைக் கொடுத்தார்.

பாரிஸில் பெக்கரல் என்ற விஞ்ஞானியின் கதை இன்னும் விசித்திரம். வெயில் பட்டால் யுரேனியம் உப்பு எக்ஸ் கதிரை வெளியிடும் என்பது அவருடைய தவறான ஊகம். வானம் மூடிக்கிடந்ததால் உப்பையும் தகட்டையும் இழுப்பறையில் வைத்தார். 1896 மார்ச் 1 அன்று, வெயிலே படாத அந்தத் தகட்டையும் கழுவிப் பார்த்தார். அழுத்தமான படம் விழுந்திருந்தது. யுரேனியம் தானாகவே கதிரை வெளியிடும் கதிரியக்கம் அப்படித்தான் தெரியவந்தது. யுரேனியம் தகட்டைக் கறுக்க வைப்பதை நியெப்ஸ் த செயின்ட் விக்டர் என்பவர் 1850களிலேயே பார்த்து எழுதியிருந்தார். அதை யாரும் மேலே கொண்டுபோகவில்லை.

நம் கல்லூரி ஆய்வகங்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். ரீடிங் ஒத்துவராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, மதிப்பெண் அதற்குத்தானே கிடைக்கிறது. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒத்துவராத ரீடிங்கை அடிக்கச் சொல்லாதீர்கள். அது ஏன் அப்படி வந்திருக்கும் என்று அதன் கீழேயே ஒரு பத்தி எழுதச் சொல்லி, அந்தப் பத்திக்கு மதிப்பெண் கொடுங்கள். நன்றி, வணக்கம்.