மரைன் டேங்க்குக்கு எல்இடி வாங்கப் போகிறீர்களா? என் மஷ்ரூம் ஓடிப்போன கதையைக் கேளுங்கள்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மணி இப்போது எட்டு நாற்பது. ஒன்பதுக்கு டேங்க் லைட் தானாக அணைந்துவிடும். அதற்குள் பேசி முடிக்கப் பார்க்கிறேன். பின்னால் இரைகிற சத்தம் பம்ப். அதை நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் இந்த மரைன் டேங்க்கை, அதாவது மீனும் பவளமும் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டியைக் காட்டியதிலிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "அண்ணா, மூன்றடி டேங்க்குக்கு எத்தனை வாட் லைட் போடணும்?" நானும் கடையில் போய் இதையேதான் கேட்டேன். உடனே பதில் வந்தது, 165 வாட். கறுப்புப் பெட்டி, உள்ளே 55 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட். பெருக்கினால் கணக்கு சரிதான். வீட்டுக்கு வந்து பிளக்கில் வாட் மீட்டரைச் சொருகிப் பார்த்தால், முழு வெளிச்சத்திலும் 108-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் எல்இடியை முழுத் திறனுக்கு ஓட்டுவதில்லை, ஓட்டினால் சூட்டில் சீக்கிரம் போய்விடும். ஆனால் அட்டையில் போட்டிருக்கிற வாட்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த 108-ஏ எனக்கு அதிகம் என்பது ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். இதோ, கல்லின் இடது பக்கம், தோசை மாதிரி விரிந்து ஓரம் லேசாக மடிந்திருக்கிறதே, அதுதான் மஷ்ரூம் கோரல், காளான் மாதிரி இருக்கிற மென்மையான பவளம். லைட் மாட்டிய அன்றைக்கே நீலம், வெள்ளை இரண்டு குமிழையும் கடைசி வரை திருகிவிட்டேன். காசு கொடுத்து வாங்கியாயிற்று, அப்புறம் எதற்குக் குறைத்து வைப்பது என்ற நினைப்பு. மூன்றாம் நாள் இது கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் கல்லில் ஆளையே காணோம். டார்ச் அடித்துத் தேடினேன். கல்லுக்குப் பின்னால், மணலில், நிழலாகப் பார்த்து ஒதுங்கிக் கிடந்தது. வெளிச்சம் தாங்காமல் பிடியை விட்டுக் கழன்று போயிருக்கிறது! பக்கத்திலிருந்த லெதர் கோரல், அதுவும் மென்மையான பவளம்தான், அதற்கு அந்த வசதி இல்லை. நின்ற இடத்திலேயே வெளுத்துப் போனது.

ஏன் வெளுக்கிறது? கோரலின் நிறத்தில் பெரும்பங்கு அதன் சதைக்குள் குடியிருக்கிற நுண்பாசியுடையது. அந்தப் பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கோரலுக்கும் கொடுக்கிறது. வெளிச்சம் அளவுக்கு மீறினால் அந்தத் தயாரிப்பே நஞ்சாகத் திரும்பும். கோரல் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது வெறும் சதை. கடலில் தண்ணீர் சூடானாலும் இதே கதைதான், 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தது அப்படித்தான்.

சரி, வாட்டைக் கேட்காதே என்றால் எதைக் கேட்பது? பார். ஆங்கிலத்தில் PAR, குடிக்கிற பார் இல்லை. 400-லிருந்து 700 நானோமீட்டர் வரைக்குமான, ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிற வெளிச்சத்தை அளக்கிற கணக்கு அது. உச்சி வெயிலில் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 2,000 பார் இருக்கும். மஷ்ரூம், குட்டிப் பூக்கள் மாதிரி கொத்தாக விரிகிற ஜோவா வகைகளுக்கு 50-லிருந்து 100 போதும். லெதருக்கு 100-லிருந்து 150. குச்சி குச்சியாகக் கிளைவிடுகிற கல் பவளங்களுக்குத்தான் 200, 300 எல்லாம் தேவை. வெளிநாட்டு வீடியோக்களில் 300 பார், 350 பார் என்று பேசுவது அவற்றுக்காக. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கல் பவளங்கள் அத்தனையும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல் விசிறியும் அதில் அடக்கம். யாராவது 'கடலிலிருந்து எடுத்துத் தருகிறேன்' என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆக, நாம் வளர்ப்பது மென்மையான வகைகளை, வாங்குவது கல் பவளத்துக்கான லைட்டை. இது எந்த ஊர் நியாயம்?

போனில் லக்ஸ் ஆப் போட்டு அளக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குப் போட்ட கணக்கு. பச்சைக்கு அதிக மதிப்பெண், நீலத்துக்கு ரொம்பக் குறைவு. பவளத்துக்கான ரீஃப் லைட்டில் பாதிக்கு மேல் நீலம்தான். பார் மீட்டர் விலை அதிகம், அதனால் நான் நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கினேன். லைட் தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே, எல்லாம் முழுசாக. கல்லின் உச்சியில் 310, டேங்க் மூலையில் 60! மஷ்ரூம் ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் லைட்டை இன்னும் அரை அடி உயர்த்தினேன், நீலத்தை 40, வெள்ளையை 10 சதவீதத்துக்கு இறக்கினேன். இப்போது உச்சியில் 95, மூலையில் 45. வாங்கும்போது லென்ஸ் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 60 டிகிரி லென்ஸ் வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்கும், ஆழமான டேங்க்குக்கு அது சரி. இது ஒன்றரை அடி ஆழம்தான். 90, 120 இருந்தால் பரவலாக விழும்.

இவ்வளவு நீலம் எதற்கு என்றால், கடல் முதலில் விழுங்குவது சிவப்பை. பத்து மீட்டர் இறங்கினால் சிவப்பு அனேகமாகக் கிடையாது. அதனால் அந்தப் பாசியும் நீலத்தில் வேலை செய்யப் பழகியது. 440-லிருந்து 460 நானோமீட்டர், ராயல் ப்ளூ என்பார்கள், அது கட்டாயம் இருக்கட்டும். நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூன்று பேருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். சாதாரண வெள்ளை எல்இடிக்குள் இருப்பதும் நீலச் சிப்தான், மேலே மஞ்சள் பூச்சு. அவர்கள் இல்லையென்றால் நான் இன்னும் சூடு கக்குகிற பழைய மெட்டல் ஹாலைடு பல்பை மாட்டிக்கொண்டு, சென்னை மே மாதத்தில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். எல்இடியிலும் சூடு உண்டு, ஆனால் அது பின்பக்கம் போகிறது. அதனால் மின்விசிறி ஓடுகிறதா என்று வாராவாரம் பாருங்கள். உப்பு படிந்து முதலில் நிற்பது அதுதான்.

கோரல் வாங்கும்போதும் ஒரு விஷயம். பட்டுப்புடவையைக் கடை லைட்டில் பார்த்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தடவை விரித்துப் பார்ப்பார்கள் இல்லையா? சென்னையில் வண்ணமீன் கடைகள் இருக்கிற கொளத்தூர் பக்கம் கடை ஏறி இறங்கும்போது என் அம்மாவின் அந்தப் பழக்கம்தான் எனக்குக் கை கொடுக்கிறது. முழு நீலத்தில் எல்லாக் கோரலும் நியான் போர்டு மாதிரி மின்னும். "கொஞ்சம் வெள்ளை லைட் போடுங்கண்ணே" என்று கேளுங்கள். பாதி வெறும் காப்பிப் பொடி நிறமாக இருக்கும். அதுவும் ஆரோக்கியமான நிறம்தான், ஆனால் நியானுக்குச் சொல்கிற விலையைக் கொடுக்காதீர்கள்.

புது லைட் மாட்டினால் 20, 30 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். என்னிடம் நீலம், வெள்ளை இரண்டு சேனலுக்கும் தனித்தனி டைமர் இருக்கிறது. குறைத்து வைத்த பிறகு மீட்டரில் 35 வாட்தான் காட்டுகிறது, ஒன்பது மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட். முன்பு 58. வெளிச்சத்தைக் குறைக்க டிம்மர் இல்லாத லைட்டை, இலவசமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

அந்த லெதர் கோரலைக் கேட்பீர்கள். பிழைத்துவிட்டது. நிறம் திரும்ப நான்கு மாதம் ஆனது. இதோ, வலது மூலையில்... ஆ, வெள்ளை போய்விட்டது, எட்டு ஐம்பத்தைந்து. இனி நீலம் மட்டும்தான். இந்த வெளிச்சத்தில் என் கேமராவுக்கு ஒன்றும் பிடிபடாது, ஆரஞ்சு ஃபில்டர் வேறு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. க்ளவுன் மீன் இரண்டும் பம்ப் ஓரமாகத் தூங்கப் போய்விட்டன பாருங்கள். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பகலில் எடுக்கிறேன்.