எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு என்ன வேண்டும்?

வணக்கம் நேயர்களே. கடலில் எண்ணெய் கொட்டினால், "அதைத் தின்னும் பாக்டீரியாவைக் கொண்டுவந்து விடலாமே" என்று பலரும் கேட்கிறார்கள். கொண்டுவரத் தேவையே இல்லை. கடலடியில் இயற்கையாகக் கசியும் எண்ணெயை உண்டே வாழும் நுண்ணுயிர்கள் கடலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் ஒன்று அல்கனிவோராக்ஸ். சாதாரண நீரில் அரிதாகத்தான் இருக்கும்; எண்ணெய் வந்துவிட்டால் மளமளவென்று பெருகும்.

அப்புறம் ஏன் எண்ணெய் மாதக்கணக்கில் கிடக்கிறது? 1989 மார்ச்சில் அலாஸ்கா கடலோரத்தில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையை வெந்நீர் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயோடு அங்கிருந்த சிப்பியும் பாசியும் செத்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறொரு வழியையும் சோதித்தது. எண்ணெயில் கார்பன் ஏராளம். பாக்டீரியா பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் போதாது. எனவே நைட் தீவின் கரையில் உரம் தெளித்தார்கள். நாம் வயலுக்குப் போடும் அதே சத்துகள்தான்! இரண்டு மூன்று வாரங்களில், கறுத்த கரையின் நடுவே தெளித்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

ஆனால் கற்களுக்கு அடியில் புதைந்த எண்ணெய் இருபது வருடம் கழித்தும் அங்கேயே கிடந்தது. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இந்த பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தம்.

நம் எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். கெட்டியாக மிதப்பதை முதலில் அள்ளத்தான் வேண்டும், பாக்டீரியா அதற்கு மாற்று இல்லை. சரியான பாதுகாப்பு இல்லாமல் அவர்களை அதில் இறங்கவிட்டதுதான் கொடுமை.

அள்ளியபின் அலையாத்தி வேர்களிலும் சேற்றிலும் ஒட்டியிருப்பதற்கு என்ன வழி? அலாஸ்கா முறையை அப்படியே இங்கே காப்பியடிக்க முடியாது. சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் நைட்ரஜனுக்குப் பஞ்சமிருக்காது. மேலும் உரம் போட்டால் பாசிதான் மண்டும். சேற்றுக்குள் காற்றும் புகாது. ஆகவே யாராவது பாட்டிலில் பாக்டீரியாவோடு வந்தால், அந்தச் சேற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று அளந்தார்களா என்று அதிகாரிகள் முதலில் கேட்கட்டும். அந்த அளவுகளை மீனவ கிராமங்களுக்கும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.