விளம்பரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி: ஷான் எல்லிஸின் வேலைமுறை

[திரையில்: டிராப்பாக்ஸின் நீலப் பெட்டிச் சின்னம். பக்கத்தில் 99 என்ற எண்.]

வருஷத்துக்கு 99 டாலர் விலையுள்ள ஒரு சேவை. அதை வாங்க ஒரே ஒரு ஆளைக் கூட்டி வர விளம்பரச் செலவு 233 முதல் 388 டாலர் வரை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதே கணக்குத்தான். கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ், கூகுள் விளம்பரங்களை நம்பி இறங்கியபோது அதன் நிலைமை அப்படித்தான் இருந்தது. நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே 2010-இல் மேடையேறி இந்த எண்களைக் காட்டினார்.

2008-இல் அங்கே மார்க்கெட்டிங்கைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ஷான் எல்லிஸ். 'க்ரோத் ஹேக்கர்', அதாவது சோதனை செய்து செய்து பயனர்களைப் பெருக்குபவர், என்ற பெயரை 2010-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அந்தப் பெயரை வைத்து இன்றைக்குக் கண்ட கண்ட தந்திரங்களையெல்லாம் கோர்ஸ் போட்டு விற்கிறார்கள். அதற்கு அவர் என்ன செய்வார்? அவருடைய சொந்த வழக்கம் வேறு மாதிரியானது. அதைப் பார்க்க டிராப்பாக்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

[திரையில்: ஒரு பழைய கணினி, அதற்குள் இன்னொரு கணினியின் திரை.]

டிராப்பாக்ஸுக்கு முன் எல்லிஸ் மார்க்கெட்டிங் பார்த்த இடம் லாக்மீஇன். ஆபீஸ் கணினியை வீட்டில் இருந்தபடியே இயக்க உதவும் மென்பொருள். இதே வேலைக்கு கோடுமைபிசி என்ற போட்டி நிறுவனம் மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டிருந்தது. லாக்மீஇன் இலவசமாகவே கொடுத்தது. அப்படியென்றால் கூட்டம் அள்ள வேண்டும் இல்லையா? ஆட்கள் வந்தார்கள், பதிவும் செய்தார்கள். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. இதனால் விளம்பரத்துக்கு மாதம் பத்தாயிரம் டாலருக்கு மேல் போட்டால் கட்டுப்படியாகவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான மார்க்கெட்டிங் தலைவர்கள் விளம்பர வாசகத்தை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் ஏஜென்சியை மாற்றுவார்கள். எல்லிஸ், பதிவு செய்துவிட்டுப் பாதியில் போனவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏன் டவுன்லோட் செய்யவில்லை என்று கேட்டார். பதில் யாரும் எதிர்பார்க்காதது: 'இலவசம் என்பதை நம்ப முடியவில்லை.' இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

சரி, 'இலவசம்' என்பதை இன்னும் அழுத்திச் சொல்லிப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் அசையவில்லை. அப்புறம் அதே பக்கத்தில், காசு கொடுத்து வாங்கும் பதிப்புக்கும் ஒரு இணைப்பு வைத்தார்கள். டவுன்லோட் மூன்று மடங்கானது!

[திரையில்: இரண்டு பொத்தான்கள் அருகருகே. ஒன்றில் 'இலவசம்', மற்றதில் 'வாங்க'.]

இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததும் சந்தேகம் போய்விட்டது. மீட்டிங்கில் உட்கார்ந்து யோசித்தால் இது யாருக்கும் தோன்றாது; கேட்டதால் கிடைத்தது.

அதோடு விடவில்லை. பதிவிலிருந்து முதல் பயன்பாடு வரை ஆட்கள் எங்கெங்கே நழுவுகிறார்கள் என்று பார்த்து ஒவ்வொரு இடமாக அடைத்தார்கள். மார்க்கெட்டிங் ஆட்கள் மட்டும் செய்த வேலை இல்லை, மென்பொருள் எழுதுபவர்களும் கூடவே இறங்கினார்கள். பிறகு, முன்பு பத்தாயிரத்திலேயே திணறிய அதே விளம்பர வழிகளில் மாதம் பத்து லட்சம் டாலர் வரை லாபகரமாகச் செலவிட முடிந்தது என்று எல்லிஸ் சொல்லியிருக்கிறார். லாக்மீஇன் 2009-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது.

இதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியைக் கையோடு வைத்துக்கொண்டார்.

[திரையில் எழுத்து: 'இந்தச் சேவை நாளை முதல் இல்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?']

ரொம்ப ஏமாற்றமாக இருக்கும், கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஒன்றும் இல்லை. இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும். 'ரொம்ப' என்பவர்கள் 40 சதவீதத்தைத் தொட்டால் வளர்ச்சிக்குப் பணம் போடலாம்; தொடாவிட்டால் முதலில் சரக்கைச் சரிசெய்யுங்கள் என்பது அவர் கணக்கு. பல ஸ்டார்ட்அப்களின் முடிவுகளை ஒப்பிட்டுப் போட்ட கோடு இது, இயற்பியல் விதி ஒன்றும் இல்லை. சூப்பர்ஹியூமன் என்ற மின்னஞ்சல் நிறுவனம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது முதலில் கிடைத்தது 22 சதவீதம்தான். தங்களை நேசிப்பவர்கள் எதை ரசிக்கிறார்கள், அரை மனதாக இருப்பவர்களுக்கு எது தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்து வேலை செய்து, அதை 58-க்குக் கொண்டுபோனார்கள்.

டிராப்பாக்ஸில் அந்தப் பிரச்சினையே இல்லை. பயன்படுத்தியவர்கள் விடுவதாக இல்லை, நண்பர்களுக்கும் தாங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கே தேவைப்பட்டது ஒரு சின்ன உந்துதல். நண்பரைச் சேர்த்தால் அழைத்தவருக்கும் கூடுதல் இடம், வந்தவருக்கும் கூடுதல் இடம். புதிய பதிவுகள் 60 சதவீதம் கூடின. 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர் எண்ணிக்கை 15 மாதத்தில் 40 லட்சமானது.

இதைப் பார்த்து 'நண்பரை அழைத்தால் பரிசு' என்று ஆரம்பித்த செயலிகளுக்குக் கணக்கே இல்லை. பலதுக்கும் பரிசு தீர்ந்ததும் ஆளும் போய்விட்டது. டிராப்பாக்ஸ் கொடுத்தது ரொக்கம் இல்லை என்பதைக் கவனித்தார்களா தெரியவில்லை. சேமிக்கும் இடம் வேண்டாதவருக்கு அந்தப் பரிசால் ஒரு பயனும் இல்லை. ஆகவே வந்தவர்கள் அந்த இடம் தேவைப்பட்டவர்கள்.

[திரையில்: வெறும் படிவம், மூன்று வட்டங்கள்.]

உங்கள் நிறுவனத்தில் எல்லிஸின் அந்த ஏமாற்றக் கேள்வியைக் கேட்பதென்றால் எல்லோரிடமும் கேட்காதீர்கள். குறைந்தது இரண்டு தடவை பயன்படுத்தியவர், அதுவும் கடந்த இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தியவர், அவர்களிடம் மட்டும். 'ரொம்ப ஏமாற்றம்' என்று சொல்பவரிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: இதனால் உங்களுக்குக் கிடைக்கும் முக்கியமான பயன் என்ன? அவர் எழுதுவதைத் திருத்தாமல், மெருகேற்றாமல், அப்படியே எடுத்து உங்கள் முகப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.