பாவம், அந்தப் பிளக்!

வணக்கம் நேயர்களே. கல்லடியோ வாழைச்சேனையோ பொத்துவிலோ, தோணியில் எஞ்சின் பூட்டித் தொழில் செய்பவர்களுக்கு இந்த விடியற்காலை வேதனை தெரியும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும், எஞ்சின் மட்டும் பேசாது. உள்ளே பொறி தட்டி எரிபொருளைக் கொளுத்தும் பிளக்கைத்தான் உடனே குற்றம் சொல்லிவிடுகிறோம், "பிளக் போயிற்று." பாவம், அந்தப் பிளக்!

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் பிளக் கரி பிடிப்பது உண்மைதான். புதிதாக ஒன்று போட்டுப் பாருங்கள். அப்படியும் கரண்ட் மெலிவாக வந்தால் பிளக்கை விட்டுவிடுங்கள். நான் சொல்வது பிளாட்டினம் பாயிண்ட், அதாவது திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்னத் தொடுமுனைகள், உள்ள பழைய எஞ்சின்களைப் பற்றி.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொட வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "பொறி வருகிறதே" என்பார்கள். எப்படிப்பட்ட பொறி? நீலமாய், தடிப்பாய், டிக் டிக்கென்று சத்தத்தோடு வரவேண்டும். மஞ்சளாய் நூல்போல வந்தால் போதாது. வெளிக்காற்றில் பாய்வது சுலபம். சிலிண்டருக்குள் காற்று அமுங்கி இருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் கூடிய வோல்ட் வேண்டும். வெளியே தெரிந்த பொறி உள்ளேயும் பாயும் என்று நம்பாதீர்கள்.

ஓர் இரவு வாவி நடுவில் என் எஞ்சின் நின்றுவிட்டது. அதற்கு முந்திய கிழமைதான், வோல்ட்டைக் கூட்டிப் பிளக்குக்கு அனுப்பும் கொயில் பழுது என்று நானே தீர்மானித்துப் புதுக் கொயில் போட்டிருந்தேன். அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கூட வந்த பெரியவர், "மகன், டோர்ச்சை அணைச்சுப்போட்டு இழு" என்றார். மூடியைக் கழற்றி, மை இருட்டில் இழுத்தேன். கொயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயரில், உப்பு ஏறி வெடித்திருந்த ஓரிடத்தில், நீலப் புழு ஒன்று நெளிந்தது! கரண்ட் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. வயரைத் துடைத்து, இரும்பில் படாமல் தூக்கிக் கட்டினோம். நாலாவது இழுப்பில் பிடித்தது. பகலில் எத்தனை தரம் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. ஆகவே இருட்டில் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், இருட்டில் பாருங்கள். ஆனால் பெற்றோல் வாசம் அடித்தால் வேண்டாம்.

அடுத்தது நிறுத்தும் சுவிச். அதன் வயரைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுங்கள். கரண்ட் நன்றாக வந்தால் கள்ளன் சுவிச்தான். அப்போது எஞ்சினை சுவிச்சால் நிறுத்த முடியாது, காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஏர்த் வயரின் வளையத்தில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

இனி பாயிண்ட். மாரியில் கடல் கொந்தளிக்க, எஞ்சினைக் கரையில் போட்டுவிடுகிறோம். பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும். மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, பிறகு பழைய கலியாணக் கார்டு ஒன்றை இடையில் விட்டு இழுங்கள். எமரிப் பேப்பர் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் வேறு, உங்கள் கைநூலில் இருக்கும். தேய்த்த பாயிண்ட் கொஞ்ச நாளிலேயே கருகிக் குழி விழுந்தால் பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கொண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். பாயிண்டை மூடியிருக்கும் சக்கரத்தைக் கழற்றுவது பற்றி நிறையச் சொல்ல இருந்தது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: சுத்தியலால் அடிக்காதீர்கள், அதை இழுத்துக் கழற்றும் புல்லர் ஒன்றை இரவல் வாங்குங்கள். வணக்கம்.