சண்டைக் கத்தி: காசு கொடுப்பது கைப்பிடிக்குத்தான்

[திரையில்: மேசை மேல் இரண்டு கத்திகள். ஒன்றின் கைப்பிடி கறுப்பு, இன்னொன்றுடையது சிவப்பு.]

வணக்கம். திரையில் இருக்கும் இரண்டு கத்திகளும் ஒரே பட்டறையில் செய்தவை. ஒரே நீளம், ஒரே கைப்பிடி வளைவு. கறுப்புக் கைப்பிடி உள்ளது காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுக்கும். சிவப்பின் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், விரலை அழுத்தித் தேய்த்தாலும் கோடு விழாது. கத்திப் பயிற்சி எடுப்பவர்களில் பலர், ஒரு கத்தியைச் சொல்லிச் செய்யும்போது கூடவே அதன் மழுங்கிய ஜோடியையும் கேட்டு வாங்குகிறார்கள். அதன் பிறகு கூரான கத்தி உறையிலேயே கிடக்கும். தினமும் வேலை செய்வது சிவப்புக் கைப்பிடிதான்.

சொல்லிச் செய்யும் சண்டைக் கத்தி என்றதும் விளம்பரங்கள் அலகைத்தான் காட்டும்: எஃகு, பளபளப்பு, டமாஸ்கஸ் எஃகின் அலை அலையான வரி. என் கருத்து வேறு. பயிற்சிக்கு வாங்குபவர் காசு கொடுக்க வேண்டியது கைப்பிடிக்கு. ஏன் என்று புரிய ஷாங்காய்க்குப் போக வேண்டும்.

[திரையில்: பழைய ஷாங்காய்த் துறைமுகத் தெரு. பிறகு குத்துவாள் போல ஒல்லியான ஒரு கத்தியின் கோட்டோவியம்.]

வில்லியம் ஃபேர்பேர்ன் 1907-இல் ஷாங்காய் நகராட்சிப் போலீசில் சேர்ந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த நகரம் கும்பல்களும் கடத்தல்காரர்களும் நிறைந்த இடம். அங்கே ஜுஜுட்சு கற்றார், பிறகு ஜூடோவின் தலைமைப் பள்ளியான ஜப்பானின் கோடோகனில் கறுப்பு பெல்ட் வாங்கினார். தெருச் சண்டைக்கென்றே ‘டிஃபெண்டு’ என்ற முறையை வகுத்தார். 1940-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியதும், கமாண்டோ வீரர்களுக்குக் கைச்சண்டை சொல்லித்தரும் வேலை அவரிடமும் நண்பர் எரிக் சைக்ஸிடமும் வந்தது. இருவரும் வில்கின்சன் வாள் கம்பெனியில் உட்கார்ந்து ஒரு கத்தியை வடிவமைத்தார்கள். 1941 தொடக்கத்தில் அது வீரர்கள் கைக்கு வந்தது. ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி என்று இன்றும் உலகம் அழைப்பது அதைத்தான்.

இரண்டு பக்கமும் வாய், ஊசி போன்ற முனை, பாட்டில் போல உருண்ட கைப்பிடி. எடை அலகில் இல்லாமல் உள்ளங்கையில் நிற்க வேண்டும் என்பது வடிவமைத்தவர்கள் கணக்கு. கமாண்டோக்களின் சின்னத்திலேயே இந்தக் கத்தி இடம்பிடித்தது. அவ்வளவு புகழ் இருந்தும் அதில் ஒரு குறை உண்டு, அதுவும் கைப்பிடியில்தான். உருண்டையான பிடியை இருட்டில் பற்றினால், வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது. பென்சிலைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் எழுத்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? அதே கதை. முனையும் அளவுக்கு மீறி ஒல்லி. வீரர்கள் பெட்டி திறக்கவும் நெம்பவும் அதையே பயன்படுத்தியபோது ஒடிந்தது. சண்டைக்கென்று கொடுத்த கத்தியால் டப்பா திறக்காத சிப்பாய் எந்தப் படையிலும் இல்லை. இதை முன்கூட்டியே நினைத்திருக்கலாம்.

அமெரிக்காவும் கனடாவும் 1942-இல் சேர்ந்து அமைத்த ஒரு சிறப்புப் படைக்கு, கேஸ் கம்பெனி வி-42 என்ற கத்தியைச் செய்தது. கைப்பிடிக்கு மேலே, அலகின் தட்டைப் பரப்பில், கட்டைவிரல் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். அதில் விரல் பட்டாலே அலகு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். இன்னொரு தீர்வு ஃபேர்பேர்னிடம் பாடம் கற்ற அமெரிக்க அதிகாரி ரெக்ஸ் ஆப்பிள்கேட்டுடையது. போர்க்காலத்திலேயே இருவரும் பேசி வைத்த திருத்தங்கள் 1980-களில்தான் கத்தியாக வெளிவந்தன. அலகு அகலமானது, கைப்பிடி தட்டையானது. கைப்பிடிக்குள் ஈயத் துண்டுகள் வைத்து, எடையை அவரவர் கைக்கு ஏற்றபடி மாற்றவும் வழி செய்தார்கள். தொழிற்சாலைகள் பிறகு வந்தன. முதலில் செய்தது ஒரு தனிக் கத்தியாளர், அதாவது தன் பட்டறையில் கத்தி செய்பவர்.

[திரையில்: மூன்று கைப்பிடிகளின் குறுக்குவெட்டு. வட்டம், முட்டை வடிவம், மூலை மழுங்கிய செவ்வகம்.]

குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் இருக்கும் முட்டை வடிவம்தான் பெரும்பாலான நல்ல கத்தியாளர்களின் தேர்வு. வட்டம் கைக்குள் சுழலும். முட்டை வடிவம் சுழலாது, அதன் குறுகிய முனை வாய் இருக்கும் பக்கத்தையும் சொல்லிவிடும். நடுவில் சற்றுப் புடைத்திருந்தால் உள்ளங்கை நிரம்பும். கடைசியில் சின்னக் கொக்கி போல இறங்கினால், இழுக்கும்போது நழுவாது. முன்பக்கம் தடுப்பு வேண்டும். இல்லையென்றால் கெட்டியான எதிலாவது குத்தும்போது கத்தி நின்றுவிடும், வியர்த்த கை நிற்காமல் வாய் மேல் ஏறும். குத்துகிறவரே தன் விரலை அறுத்துக்கொள்வது இப்படித்தான்.

இங்கேதான் சொல்லிச் செய்வதற்குக் காரணம் வருகிறது. கடையில் வாங்குவது சராசரிக் கைக்குச் செய்தது. சில கத்தியாளர்கள் காகிதத்தில் கையை வைத்துக் கோடு வரைந்து அனுப்பச் சொல்வார்கள். உள்ளங்கை அகலம், விரல் நீளம், கையுறை போடுவீர்களா, எந்தப் பிடியில் அதிகம் பழகுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இந்தக் கேள்வி எதுவும் கேட்காமல் எஃகின் பெயரை மட்டும் அடுக்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

கராம்பிட்டில் இது இன்னும் கறாரானது. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களோடும் அவர்களுடைய சிலாட் என்ற சண்டைக் கலையோடும் சேர்த்துப் பேசப்படும், புலி நகம் போல வளைந்த கத்தி அது. கைப்பிடி முனையில் விரல் நுழைக்க ஒரு வளையம் இருக்கும். அந்த வளையம் உங்கள் விரலுக்குச் சரியாக இல்லாவிட்டால் தொல்லைதான். தளர்வாக இருந்தால் கத்தி ஆடும். இறுக்கமாக இருந்தால், எதிராளி கத்தியைத் திருகும்போது விரல் வெளியே வராது. கத்தி மழுங்கியிருந்தாலும் விரல் முறியும். கராம்பிட் பழகும் இடத்தில் வெட்டுக் காயத்தைவிட விரல்தான் எனக்குப் பெரிய கவலை.

[திரையில்: இரண்டு பேர் பிரம்புக் கம்புகளோடு. பிறகு அதே அசைவு, கத்தியோடு.]

சரி, இந்தக் கத்தியோடு என்னதான் பழகுகிறார்கள்? இன்று உலகம் முழுக்கக் கத்திப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பங்கு பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. எஸ்க்ரிமா, ஆர்னிஸ், காலி என்று பெயர்கள் பல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் கலிபோர்னியாவுக்குப் பண்ணை வேலைக்குப் போனார்கள். ஸ்டாக்டன் நகரத்து அஸ்பாரகஸ் வயல்களில் உழைத்தவர்களில் இந்தக் கலை தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். வெளியாருக்குச் சொல்லித்தராமல் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1966-இல் ஏஞ்சல் கபாலெஸ் ஸ்டாக்டனில் எல்லோருக்கும் திறந்த பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதே ஊரில் பிறந்த டான் இனொசான்டோ, புரூஸ் லீயின் மாணவராகவும் இருந்தவர், இந்தக் கலையை அமெரிக்கா முழுக்க எடுத்துப் போனார். அமெரிக்கக் கத்தியாளர்களும் இந்த ஆசான்களும் சந்தித்துக்கொண்ட இடத்தில்தான் இன்றைய ‘ஜோடிக் கத்தி’ வழக்கம் வளர்ந்தது.

காலியில் ஆயுதம் முதலில், வெறுங்கை பிறகு. கம்பால் பழகிய கோணங்களே கத்திக்கும் கைக்கும் வரும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. களரியிலும் உடற்பயிற்சி முடிந்ததும் கோல்தாரி என்ற மர ஆயுதப் பயிற்சி, அப்புறம் அங்கத்தாரி என்ற உலோக ஆயுதம், வெறுங்கை கடைசியில். காலிக்காரர்கள் கத்தி பிடிக்காத இடது கைக்கு ‘உயிருள்ள கை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தட்டுவது, பிடிப்பது, வழி திறப்பது எல்லாம் அதன் வேலை. வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கும் புதியவர் முதலில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

[திரையில்: ரப்பர், மரம், அலுமினியம், எஃகு. நான்கு பயிற்சிக் கத்திகள் வரிசையாக.]

இப்போது சிவப்புக் கைப்பிடிக்கு வருவோம். ரப்பர் கத்தி பாதுகாப்பானது, மலிவு. ஆனால் வளையும். வளைகிற கத்தியை யாரும் மதிப்பதில்லை, அதுதான் அதன் பிரச்சினை. பயமில்லாமல் கையை நீட்டிப் பிடிப்பார்கள். அலுமினியத்தில் செய்தால் பிடித்தவுடன் உடம்பு விறைக்கும். விலா எலும்பில் பட்டால் வலிக்கும், மறுநாள் நீலம் பாய்ந்திருக்கும். மரியாதை தானாக வரும்.

அலுமினியத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். அதே வடிவத்தில் செய்தால் அலகு மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். கை ஏமாறும். லேசான கத்தியோடு மாதக்கணக்கில் பழகிவிட்டு உண்மையான கத்தியை எடுத்தால் வேகமும் நிறுத்தும் இடமும் மாறிப்போகும். அதனால் சிலர் பயிற்சிக் கத்தியையும் எஃகிலேயே செய்கிறார்கள். வாயைத் தடிமனாக விட்டு ஓரத்தை உருட்டுவார்கள், முனையை வட்டமாக்குவார்கள். சாணை பிடிக்காத அலகில் உலோகம் கூடுதலாக நிற்கும் என்பதால் நடுவில் துளைகள் போட்டு எடையைச் சமன் செய்வார்கள். அந்தத் துளைகள் தூரத்திலிருந்தே அடையாளமும் காட்டும்.

சிவப்பு, நீலம் என்று நிறம் போடுவதும் அழகுக்காக இல்லை. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் ஜோடியின் பலம், ஆபத்தும் அதுவேதான். ஒரு நாள் அவசரத்தில் பையில் கைவிட்டு மாற்றி எடுத்தால் போதும். நல்ல பயிற்சிக்கூடங்களில் கூரான கத்தி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாக இருப்பார்கள். சட்டைப் பையில் இருக்கும் மடக்குக் கத்திகூட வாசலிலேயே நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். முனை எவ்வளவு வட்டமாக இருந்தாலும் கண்ணுக்கு அது பெரிதுதான்.

பயிற்சிக் கத்தியின் வாயில் லிப்ஸ்டிக்கோ சுண்ணக்கட்டியோ தடவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேர் ஒரு நிமிடம் விளையாடிப் பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. முடிந்ததும் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். ‘தடுத்துவிட்டேன்’ என்று நீங்கள் நினைத்த இடமெல்லாம் முன்கையில் சிவப்புக் கோடாக இருக்கும். ஜெயித்தவர் சட்டையும் சுத்தமாக இருக்காது.

இணையத்தில் பரவும் கத்தி பறிக்கும் வீடியோக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். தாக்குகிறவர் ஒரே ஒரு முறை குத்திவிட்டு, நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பார். மற்றவர் நிதானமாக அதை மடக்குவார். உண்மையில் நீட்டிய கை உடனே பின்னால் போகும், திரும்ப வரும், திரும்பத் திரும்ப வரும். இடது கை உங்கள் சட்டையைப் பற்றியிருக்கும். மழுங்கிய எஃகைக் கொடுத்து, ‘நிறுத்தாமல் குத்து’ என்று சொல்லிப் பாருங்கள், அழகான பல உத்திகள் அங்கேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது ஒன்றிரண்டு எளிய அசைவுகளும் ஓட்டமும்.

தூரமும் அப்படித்தான். சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வந்தது: கத்தியோடு ஓடிவரும் சாதாரண ஆள் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். துப்பாக்கி வைத்திருப்பவருக்கே அது போதாத நேரம்.

[திரையில்: தொங்கும் கயிறு, மரக்கட்டை, வைஸில் பிடித்த அலகு.]

அலகைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விடவும் முடியாது. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களுக்கு ஒரு தேர்வு வைக்கிறது. தானே உலையில் அடித்த ஒரே கத்தியால், அடிப்பக்கம் கட்டாமல் தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிறகு வீடு கட்டப் பயன்படும் மரச்சட்டத்தை இரண்டு முறை துண்டாக்க வேண்டும். அவ்வளவு வெட்டிய பிறகும் அதே வாய் கை முடியைச் சிரைக்க வேண்டும். கடைசியாக அலகை வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், ஒடியக் கூடாது. வாய் கெட்டியாகவும் முதுகு இளகியும் இருக்கும்படி தோய்ச்சல் போட்டால்தான், அதாவது காய்ச்சிக் குளிரவைத்தால்தான், இதில் தேற முடியும். எஃகின் பெயர் அதற்கு அப்புறம்தான். நடுத்தர எஃகும் நல்ல தோய்ச்சலும் சேர்ந்த கத்தி, விலையுயர்ந்த எஃகில் மோசமாகத் தோய்ச்சல் போட்டதைவிட நன்றாக உழைக்கும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு வார்த்தை. இந்திய ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவை அதில் வராது. சண்டைக்கென்று சொல்லிச் செய்ததை அரிவாள்மனை என்று வாதாட முடியாது. அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் பிலிப்பைன்ஸின் பலிசாங், அதாவது பட்டாம்பூச்சிக் கத்தி, பக்கமே போக வேண்டாம். 1988 முதலே தடைப் பட்டியலில் இருக்கிறது. பயிற்சிக்கு மழுங்கிய ஜோடியை மட்டும் செய்து வாங்கலாம், பல கத்தியாளர்கள் அதைத் தனியாகவும் கொடுக்கிறார்கள். அதற்கும் கையின் அளவை வரைந்து அனுப்புங்கள்.